ஜெராஷ் அரைநாள் நடைச் சுற்றுலா: தெருவைத் தவிர எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்

ஜோர்டான் தலைநகர் அம்மானிலுள்ள ஒரு பயண நிறுவனம் நடத்தும் ஜெராஷ் அரைநாள் நடைச் சுற்றுலாவைப் பற்றிய மதிப்புரை இது. காலையில் தங்கும் விடுதியின் வாசலில் ஏற்றிக்கொண்டு, வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜெராஷுக்கு அழைத்துச் சென்று, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருடன் ரோமானியக் கால நகரத்தின் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டி, மதிய உணவுக்குப் பின் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்கள் தரும் சேவை. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது; ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார்; வழிகாட்டி பொறுமைசாலி; தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பஞ்சமில்லை. இவற்றில் நான் குறை காணவில்லை. என் குறையெல்லாம் ஒன்றுதான். ஜெராஷில் காண வேண்டிய முதன்மையான பொருள் அதன் தூண்வரிசைத் தெரு. இந்தச் சுற்றுலாவோ அதை ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும் வழியாக மட்டுமே பயன்படுத்துகிறது.

அந்தத் தெருவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்குச் சிறிது பின்னணி சொல்ல வேண்டும். ஜெராஷின் பழைய பெயர் கெராசா. தெக்கப்போலி என்று வழங்கப்பட்ட பத்து நகரங்களின் தொகுதியில் அதுவும் ஒன்று. நகரத்தை வடக்கு தெற்காக ஊடுருவிச் செல்லும் முதன்மைத் தெருவான கார்டோ மாக்சிமஸ் சுமார் 800 மீட்டர் நீளமுடையது; அதன் இருமருங்கிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் கூரையிட்ட தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிக் கடைகள் என்பது அதன் அமைப்பு. நேர்கோட்டில் தெரு போடுவது ரோமானிய நகரமைப்பில் எங்கும் உண்டு. ஆனால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இருபுறமும் தூண் நிறுத்தி, தெருவையே ஒரு பொதுக் கட்டடமாக ஆக்கிவிடும் பழக்கம் பேரரசின் கிழக்கு மாகாணங்களில்தான் செழித்தது. ரோம் நகருக்கே இப்படியொரு நெடுந்தெரு வாய்க்கவில்லை. அந்தியோக்கியா நகரின் பெருந்தெருவில் ஏரோது மன்னன் 20 ஸ்டேடிய (பழைய கிரேக்க அளவு; ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர்) நீளத்துக்கு மெருகிட்ட பளிங்கு பாவி, அதே நீளத்துக்குத் தூண் தாழ்வாரமும் எழுப்பிக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். சிரியாவின் அபமேயாவில் இத்தகைய தெரு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஓடியது. அதே நாட்டின் பால்மைராவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

இன்றைய பயணிக்கு இவற்றில் எது எட்டும் என்று பார்த்தால் நிலைமை விளங்கும். பால்மைராவின் வெற்றி வளைவு 2015-இலும், தெருச் சந்திப்பில் நின்ற நான்முக மண்டபம் 2017 தொடக்கத்திலும் ஐஎஸ் அமைப்பினரால் தகர்க்கப்பட்டன. அந்தியோக்கியாவின் தெரு துருக்கியின் இன்றைய அந்தாக்கியா நகருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அந்த நகரமும் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் நொறுங்கியது. ஆகவே, பாவுகல் மாறாமல், தூண்கள் நின்றபடி, தலை முதல் கால் வரை காலாற நடந்து பார்க்கக்கூடிய மிகச் சில தூண்வரிசைத் தெருக்களில் ஜெராஷின் தெரு முன்வரிசையில் நிற்கிறது. பணம் கொடுத்து வழிகாட்டியுடன் போகும்போது அந்தத் தெருவைப் பற்றி விரிவான விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது என்றே நினைக்கிறேன்.

சுற்றுலா தெற்கிலிருந்து தொடங்குகிறது. முதலில் ஹேட்ரியன் வளைவு; பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 129–130 வாக்கில் இங்கு வந்ததை ஒட்டி எழுப்பப்பட்டது. அதன் அரைத்தூண்களின் அடியில் அக்காந்தஸ் என்ற முட்செடியின் இலைகள் செதுக்கப்பட்டிருப்பதை வழிகாட்டி மறக்காமல் சுட்டிக்காட்டினார். வழக்கமாகத் தூணின் தலையில் இருக்கும் அலங்காரம் இங்கே காலிலும் வந்திருக்கிறது. நகரத்தின் தெற்கு வாயிலுக்கு வெளியே நானூறு மீட்டருக்கும் அப்பால் இந்த வளைவு தனியாக நிற்பதற்குக் காரணம், நகரத்தை அந்த இடம் வரை விரிவாக்கும் எண்ணம் இருந்து அது கைகூடாமல் போனதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வழிகாட்டி சொல்லவில்லை, கேட்டபோது ஒப்புக்கொண்டார். அடுத்து குதிரைப் பந்தயத் திடல். வளைவுக்கு முன்னதாகவே கைவினைப் பொருள் கடைகள் வரிசையாக உள்ள அங்காடியில் நிறுத்தி, தொப்பியும் தலைத்துணியும் வாங்கிக்கொள்ள நேரம் தந்தார்கள். அந்த நேரத்தைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கியிருக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்பான முதல் ஒரு மணி நேரம் இந்த ஊரில் விலைமதிப்புள்ளது.

தெற்கு வாயிலைத் தாண்டியதும் வரும் நீள்வட்டச் சதுக்கம்தான் இந்தச் சுற்றுலாவின் சிறந்த பகுதி. வழிகாட்டியின் திறமையும் அங்கேதான் வெளிப்பட்டது. ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் கொண்ட இந்தத் திறந்தவெளியைச் சுற்றிச் சுருள்தலையுடைய அயோனியத் தூண்கள் வளைந்து நிற்கின்றன. அவர் எங்களைச் சதுக்கத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு கையால் மேற்கே குன்றின்மீதுள்ள ஜூஸ் கோவிலையும் மறு கையால் வடக்கே தொடங்கும் தெருவையும் காட்டினார். இரண்டும் வெவ்வேறு திசைக்கோணத்தில் அமைந்தவை. கோவில் தெருவைவிடப் பழமையான புனித இடம். அதை நகர்த்த முடியாது. தெருவின் நேர்கோட்டையும் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த இரு கோடுகளும் மோதும் இடத்தில் சதுரமான திடல் போட்டிருந்தால் கோணல் கண்ணை உறுத்தியிருக்கும். வளைந்த தூண்வரிசை அந்தக் கோணலை விழுங்கிவிடுகிறது. தெற்கிலிருந்து உள்ளே வருபவர் தாம் திசை மாறியதையே உணராமல் தெருவின் வாய்க்குள் வந்து சேர்ந்துவிடுகிறார். இதை அவர் கோலால் மண்ணில் வரைந்து காட்டிய விதம் எந்தப் பலகையிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது. (சதுக்கத்தின் நடுவில் தனித்து நிற்கும் தூண் பிற்காலத்தில் ஜெராஷ் விழாவின் சுடருக்காக நிறுத்தப்பட்டது. பலர் அதையும் பழந்தூண் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.)

இந்தத் தரத்தைத் தொடர்ந்திருந்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். அங்கிருந்து தெற்கு அரங்குக்குச் சென்றோம். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கு அது. மேடைக்கு முன்னுள்ள தரையில் குறிப்பிட்ட ஒரு கல்லின்மீது நின்று பேசினால் குரல் பெருகிக் கேட்பதை ஒவ்வொருவராகச் சோதித்துப் பார்த்தோம். சீருடை அணிந்த ஜோர்டானிய இசைக் கலைஞர்கள் பேக்பைப் எனும் பைக்குழல் வாசித்தார்கள். சில பயணிகள் ஆடினார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் தெருவுக்கு இறங்கியபோது வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவசரமாகக் கடந்த அந்தத் தெருவில் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் போகும்போது வழிகாட்டியை நிறுத்திக் கேளுங்கள்.

முதலில் தரை. பாவுகற்கள் தெருவின் போக்குக்கு நேராகப் பதிக்கப்படாமல் குறுக்குக் கோணத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப் பதித்தால் கற்களின் இணைப்புக் கோடுகள் வண்டிச் சக்கரத்தின் பாதையோடு ஒன்றி ஓடுவதில்லை. சக்கரம் இடுக்கில் சிக்கி அதையே அரித்துக்கொண்டு போகும் வாய்ப்பு குறைகிறது. அப்படியும் பல இடங்களில் சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருப்பதைப் பார்த்தால், எத்தனை தலைமுறைப் பாரம் இதன்மீது ஏறிப் போயிருக்கும் என்று கணக்கிடத் தோன்றும். தெருவின் நடுவே ஆங்காங்கே காணப்படும் கல் மூடிகள் அடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய்க்கானவை. மழைநீரும் ஊற்று மண்டபத்திலிருந்து வழியும் நீரும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விடும். மேலே நடப்பவரின் கால் நனையாது. எங்கள் குழுவினர் அந்த மூடிகளை மிதித்துக்கொண்டே போனார்கள், ஒரு சொல்கூட விளக்கம் இல்லாமல்.

அடுத்து, தூண்களின் உயரம். எல்லாத் தூண்களும் ஒரே அளவு என்று தூரத்திலிருந்து தோன்றும். அருகில் போனால், பின்னாலுள்ள கட்டடத்தின் தகுதிக்கேற்ப அவை ஏறி இறங்குவது தெரியும். சந்தைக் கட்டடத்தின் வாயில் எதிரே நான்கு தூண்கள் திடீரென்று உயர்ந்து நிற்கின்றன. ஆர்த்தெமிஸ் கோவிலுக்கு ஏறும் வாயில் முன்னால் உள்ளவை அவற்றையும் விஞ்சியவை. உயரம் மாறும் இடங்களில், தாழ்ந்த வரிசையின் உத்தரக்கல் உயர்ந்த தூணின் உடம்பிலிருந்து நீட்டிய தாங்குகல்லின்மீது வந்து உட்காருகிறது. எழுத்தறிவில்லாத ஒருவரும், ஊருக்குப் புதியவரும், தூண்களின் உயரத்தை மட்டும் பார்த்தே எங்கே சந்தை, எங்கே கோவில் என்று அறிந்துகொண்டிருக்கலாம். நகரமைப்பு என்ற துறையில் ஆர்வமுள்ளவர்கள் இந்த ஓர் உண்மைக்காகவே தெருவின் நடுவில் நின்று இருபுறமும் அண்ணாந்து பார்க்க வேண்டும். வழிகாட்டி இதைத் தொடவே இல்லை.

சந்தைக்கு வடக்கே கிழக்கு மேற்கான குறுக்குத் தெரு வந்து வெட்டும் இடத்தில் வட்டமான சதுக்கம் ஒன்றும், அதன் நடுவில் தெற்கு நான்முக மண்டபத்தின் நான்கு பீடங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பீடத்தின்மீதும் நான்கு தூண்கள் நின்றன. இங்கேதான் நகரத்தின் போக்குவரத்து நான்கு திசைக்கும் பிரிந்தது. இன்னும் சற்று வடக்கே நிம்ஃபேயம் எனப்படும் நீரூற்று மண்டபம், கி.பி. 191-இல் கட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் பளிங்கும் மேல்தளத்தில் வண்ணம் பூசிய சாந்தும் போர்த்திய, இரண்டடுக்கு வளைந்த சுவரின் முன்னால் பெரிய நீர்த்தொட்டி. தொட்டியின் முகப்பில் சிங்கத் தலைகளின் வாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. இங்கு வழிகாட்டி நன்றாகப் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் விழும் ஓசை கோடையில் இந்தத் தெருவில் நடப்பவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவர் சொன்னபோது, எல்லோரும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

வியர்வை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தத் தெருவை இன்று பார்ப்பவர் தவறவிடும் பெரும்பொருள் அதன் கூரை. தூண்கள் அழகுக்காக நின்றவை என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் திரும்புகிறார்கள். அவை ஒரு தாழ்வாரக் கூரையைத் தாங்குவதற்காக நின்றவை. வெயிலிலும் மழையிலும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிழலிலேயே நடந்து, நிழலிலேயே பேரம் பேசி, நிழலிலேயே நின்று கதைபேச வழிசெய்தவை. கூரை போய்விட்டதால் அம்மணமான தூண்கள் மட்டும் நிற்கின்றன, வெயிலும் நம் தலையில் நேராக இறங்குகிறது. இந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஓர் எளிய வழி உண்டு: ஜெராஷுக்கு முன்னால் மாதபாவுக்குப் போய்விடுங்கள். அம்மானுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், புனித ஜார்ஜ் தேவாலயத்தின் தரையில், கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வண்ணக்கல் நிலப்படம் இருக்கிறது. அதில் எருசலேம் நகரின் முதன்மைத் தெரு, இருபுறத் தூண்வரிசைகளையும் மடக்கி விரித்துப் போட்டது போல, சிவப்புக் கூரைகளுடன் தீட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தெருக்கள் பயன்பாட்டில் இருந்த காலத்திலேயே, அவற்றில் நடந்த மக்களுக்காக வரையப்பட்ட படம் அது. அதைப் பார்த்த கண்ணோடு ஜெராஷுக்கு வந்தால் கூரை தானாகவே மனத்தில் ஏறிவிடும். இதே நிறுவனம் மாதபாவுக்கும் தனிச் சுற்றுலா நடத்துகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி விற்றால் அவர்களுக்கும் ஆதாயம்.

வழிகாட்டியின் விளக்கத்தில் எனக்கு உடன்பாடில்லாத இன்னொன்று, எதைக் காட்டினாலும் 'ரோமர்கள் கட்டினார்கள்' என்று முடித்ததுதான். ஜெராஷின் கல்வெட்டுகள் பெரும்பாலும் கிரேக்க மொழியில் உள்ளவை. கட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். செலவு செய்தவர்களில் ஊரின் செல்வர்கள் பலர். ரோமிலிருந்து வந்தது அமைதியும், சாலையும், பேரரசரின் கண்ணில் படவேண்டும் என்ற போட்டியும். பக்கத்து நகரத்தைவிட நம் தெரு நீளமாக, நம் தூண் உயரமாக இருக்க வேண்டும் என்ற ஊர்ப்பெருமை இல்லாமல் இவ்வளவு கல் எழும்பியிருக்காது. அதுபோலவே, ரோமானியக் காலத்தோடு கதை முடிந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். தெருவின் ஓரத்தில், தெற்கு நான்முக மண்டபத்தின் அருகிலேயே, தொடக்ககால முஸ்லிம் ஆட்சியாளர்களான உமையாக்கள் காலத்துப் பள்ளிவாசலொன்றை டேனிஷ்–ஜோர்டானிய அகழாய்வுக் குழுவினர் இந்த நூற்றாண்டில் வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். அதன் அடிச்சுவர்கள் கண்ணெதிரே தெரிகின்றன. தேவாலயங்களும் பல. கி.பி. 749-இன் பெரும் நிலநடுக்கம் வரை இந்தத் தெரு மதம் மாறியும் ஆட்சி மாறியும் கடைத்தெருவாகவே இருந்தது. இன்று நிற்கும் தூண்களில் பல, விழுந்து கிடந்து 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் தூக்கி நிறுத்தப்பட்டவை என்பதையும் பயணிகளுக்குச் சொல்வதே நேர்மை.

ஆர்த்தெமிஸ் கோவிலில் வழக்கமான வேடிக்கை நடந்தது. முகப்பில் இருந்த 12 தூண்களில் 11 இன்றும் நிற்கின்றன. ஒரு தூணின் அடியிடுக்கில் கரண்டியைச் செருகி, காற்றில் தூண் அசையும்போது கரண்டி ஏறி இறங்குவதைக் காட்டுகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோவிலின் முழு அர்த்தம் விளங்க, கீழே தெருவிலிருந்து வாயில் வழியாகப் படியேறி வர வேண்டும். ஊரின் ஊடே ஓடும் ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து வந்த புனித ஊர்வலப் பாதை தூண்வரிசைத் தெருவைக் குறுக்கே வெட்டி, கி.பி. 150-இல் எழுந்த அந்த வாயிலின் வழியாகத்தான் மேலேறியது. நாங்களோ தெருவை விட்டு விலகிக் குறுக்குவழியில் போய், கோவிலைப் பின்னால் பார்த்து முன்னால் வந்தோம்.

அதற்குப் பிறகு 'நேரமாகிவிட்டது' என்று தெற்கு நோக்கித் திருப்பினார்கள். தெருவின் வடபாதி முழுவதும் திட்டத்தில் இல்லை. இதுதான் என் முதன்மைப் புகார். தெற்குப் பகுதி இரண்டாம் நூற்றாண்டில் அகலப்படுத்தப்பட்டு, அயோனியத் தூண்கள் நீக்கப்பட்டு, இலைச்செதுக்கல் தலையுடைய கொரிந்தியத் தூண்கள் நிறுத்தப்பட்டன. வடக்கு நான்முக மண்டபத்துக்கு அப்பால் அந்த வேலை எட்டவில்லை. அங்கே பழைய குறுகலான தெருவும், சுருள்தலை அயோனியத் தூண்களும் அப்படியே தங்கிவிட்டன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் நகரம் வளமடைந்தபோது தெரு எப்படி வளர்ந்தது என்பது புரியும். இறுதியில் வடக்கு வாயில், கி.பி. 115-இல் கட்டப்பட்டது. பெல்லா நகருக்குச் செல்லும் சாலையும் இந்தத் தெருவும் ஒரே கோட்டில் இல்லாததால், வாயில் ஆப்பு வடிவத்தில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் கட்டப்பட்டிருக்கிறது. சாலையில் வருபவருக்கும் தெருவில் வருபவருக்கும் அது நேர்முகமாகவே தெரியும். தெற்கு முனையில் நீள்வட்டச் சதுக்கம் செய்த அதே வேலையை வடக்கு முனையில் இந்த வாயில் செய்கிறது. தெற்கில் அவ்வளவு அழகாக விளக்கிய வழிகாட்டிக்கு வடக்கையும் காட்ட இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருந்தால் போதும். பிறர் உணவுக்குப் போனபோது நான் மட்டும் அனுமதி கேட்டு வடக்கு முனை வரை நடந்து வந்தேன். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை.

கட்டண விவரத்தில் ஒரு குறிப்பு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜோர்டான் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜெராஷ் நுழைவு அதிலேயே அடங்கும். சுற்றுலாக் கட்டணத்தில் நுழைவுச் சீட்டின் விலையையும் சேர்த்தே சொல்கிறார்கள். பாஸ் இருக்கிறது என்று முன்பதிவின்போதே தெரிவித்துக் கழித்துக்கொள்ளுங்கள். கேட்டால் கழிக்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. உணவு பொரித்த கிப்பே, ஹம்மஸ், சுட்ட கோழி, ரொட்டி என்று வழக்கமான வரிசை. சைவம் உண்பவர்களுக்கு ஹம்மஸ், முத்தபல், ஃபத்தூஷ் சாலட் ஆகியவற்றிலேயே வயிறு நிறையும்.

முன்பதிவு செய்பவர்கள் இரண்டு மாற்றங்களைக் கேட்டுப் பெறலாம் என்று தெரிகிறது. தனிக் குழுவாகப் போனால் மறுப்பதில்லை. அங்காடியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். நீள்வட்டச் சதுக்கத்திலிருந்து அரங்குக்குத் திரும்பாமல் நேராகத் தெருவில் இறங்கி வடக்கு வாயில் வரை போய்விட்டு, வரும் வழியில் கோவிலையும் அரங்கையும் பார்க்கும்படி வரிசையை மாற்றச் சொல்லுங்கள். வடக்கு முனையிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களோ முதியவர்களோ உடனிருந்தால் நீரூற்று மண்டபத்தின் படிகளில் அவர்களை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய் வருவது நல்லது. பாவுகற்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கின்றன. தோல் அடியுள்ள செருப்பு வேண்டாம். இப்போதைய வடிவில் இந்தச் சுற்றுலாவுக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று.